நெம்புகோலா, காற்றுச் சிலிண்டரா? சேலத்திலிருந்து ஓர் ஏர் பிஸ்டல் ஒப்பீடு

பத்து மீட்டர் குறிசுடும் பயிற்சிக்கு நடுத்தர விலையில், நம்பிச் சுடக்கூடிய ஓர் ஏர் பிஸ்டல் வாங்குவது என்று முடிவு செய்தபோது என் முன்னால் மூன்று வகைகள் இருந்தன. ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை திறந்து மூடிக் காற்றை அழுத்திக்கொள்ளும் வகை ஒன்று. கரியமில வாயுவில் இயங்கும் வகை மற்றொன்று. 200 பார் அழுத்தத்தில் காற்றைச் சிலிண்டரில் அடைத்துவைத்துச் சுடும் பிசிபி வகை மூன்றாவது. நான் நெம்புகோல் வகையை வாங்கினேன், அதையும் பழையதாகத்தான் வாங்கினேன். வேலை நாட்களில் சேலம் அஸ்தம்பட்டியிலும் விடுமுறைகளில் ஏற்காட்டுக் குடும்ப வீட்டிலும் பயிற்சி செய்பவன் என்பதால் இந்த அலசல் என் தேவையின் பக்கம் சாய்ந்தே இருக்கும். வேறு ஊரில், வேறு வசதிகளோடு இருப்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஸ்பிரிங் வகையை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் உள்ளே கனமான பிஸ்டன் முன்னோக்கி ஓடி மோதுவதால் துப்பாக்கி கையில் உதறும். அந்த உதறலைத் தாங்கி ஒரே புள்ளியில் சுடப் பழகுவதற்குள் தொடக்கநிலையாளர் சலித்துவிடுவார். உதறலை உள்ளேயே அடக்கிய ஃபெயின்வெர்க்பாவ் 65 போன்ற பழைய அருமையான துப்பாக்கிகள் உண்டு என்றாலும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. சட்டத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் எதுவும் 5 அல்லது 6 ஜூலைத் தாண்டுவதில்லை என்பதால் மூன்று வகைகளுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

வாங்க வருபவர் முதலில் கேட்பது துல்லியம் பற்றித்தான். ஆனால் தேர்வுக்கு அது மிகக் குறைவாகவே உதவுகிறது. பத்து மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். போட்டித் தரத்தில் தயாரான எந்தத் துப்பாக்கியையும் இடுக்கியில் பிணைத்துச் சுட்டால், பொருத்தமான குண்டு போடும் பட்சத்தில், அந்தப் பத்துக்குள்ளேயே எல்லாத் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ரஷ்யாவின் இஜெவ்ஸ்க் நகரில் தயாரிக்கப்பட்ட பைக்கால் ஐஇசட்எச்-46எம் என்ற எளிய நெம்புகோல் துப்பாக்கியும் இதைச் செய்யும், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஸ்டெயர் எல்பி10 பிசிபியும் செய்யும். ஏழுக்கும் எட்டுக்கும் குண்டு போவது நம் மணிக்கட்டாலும் விசை விரலாலும்தானே தவிரக் குழலால் அல்ல. குண்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம்: 4.49, 4.50, 4.51 எனத் தலையின் விட்டம் நூலளவு மாறும் பெல்லட்டுகள் விற்கின்றன. உங்கள் குழல் எதை விரும்புகிறது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

விசையும் பிடியும் துல்லியத்தைவிட முக்கியமானவை. பன்னாட்டு விதிப்படி விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. மலிவான துப்பாக்கிகளில் விசை கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும் என்பதோடு அதைச் சீர்செய்யத் திருகும் இருக்காது; இந்த வகைத் துப்பாக்கியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் ஒதுக்கிவிடலாம். மரப்பிடி கைக்குப் பொருந்தவில்லை என்றால் அரம் போட்டுத் தேய்க்கலாம், மரத்துக்கான புட்டி வைத்து நிரப்பலாம்; சேலத்தில் நல்ல தச்சர்களுக்குக் குறைவில்லை.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஏர் பிஸ்டலை வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, இதற்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதே. சென்னையிலோ, பெரிய பயிற்சிக்கூடத்தில் உயரழுத்தக் கம்ப்ரசர் வைத்திருக்கும் ஊர்களிலோ இது ஒரு கேள்வியே அல்ல. பயிற்சி முடிந்ததும் சிலிண்டரைக் கொடுத்தால் நிரப்பித் தந்துவிடுவார்கள். வீட்டில் பயிற்சி செய்பவனுக்கு நிலைமை வேறு. பங்சர் கடையில் அடித்துக்கொள்ளலாமே என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அங்குள்ள கம்ப்ரசர் தருவது 8 அல்லது 10 பார் அழுத்தம். பிசிபி கேட்பது 200 பார். தொழிற்சாலைகளுக்கு வாயு உருளை விற்கும் கடைகள் சேலத்தில் இருக்கின்றன, அங்கே ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஆக்சிஜனை ஏர் பிஸ்டலின் சிலிண்டரில் நிரப்பவே கூடாது. உயரழுத்த ஆக்சிஜன் உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். இதை யாராவது யோசனையாகச் சொன்னால் அவரிடம் துப்பாக்கியைப் பற்றி வேறு எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

மீதமிருப்பவை இரண்டு வழிகள். கையால் அடிக்கும் மூன்று கட்ட உயரழுத்தப் பம்ப் ஒன்று. அதில் 200 பாரை எட்டுவது நல்ல உடற்பயிற்சி என்பது ஒருபுறம் இருக்க, காற்றோடு ஈரமும் சிலிண்டருக்குள் போய்விடுகிறது என்பதுதான் உண்மையான சிக்கல். காற்றை அந்த அளவுக்கு அழுத்தும்போது அதிலுள்ள நீராவி நீராகப் படிகிறது. பம்பில் உள்ள வடிகட்டி அதில் ஒரு பகுதியைப் பிடிக்கும். எஞ்சியது சிலிண்டரின் உட்சுவரையும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் அழுத்தச் சீராக்கியையும் மெல்ல அரிக்கும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனிமூட்டம் சன்னலுக்குள் நுழையும் நாளில் இந்தப் பம்பை அடிப்பது என்பது மேகத்தையே சிலிண்டரில் அடைப்பதற்குச் சமம். இரண்டாவது வழி, முக்குளிப்போர் பயன்படுத்தும் பெரிய காற்று உருளையை வாங்கி வைத்து அதிலிருந்து துப்பாக்கிச் சிலிண்டரை நிரப்பிக்கொள்வது. காற்று உலர்ந்ததாக இருக்கும், வேலையும் எளிது. ஆனால் அந்த உருளைக்குத் தனி விலை, இணைப்புக் குழாய்க்குத் தனி விலை, குறித்த காலத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, காலியானதும் நிரப்பக் காரில் ஏற்றி வெளியூர்ப் பயணம். துப்பாக்கியின் விலையில் இவற்றையும் கூட்டிப் பார்த்தபோது நடுத்தர விலை என்ற சொல்லுக்குப் பொருளில்லாமல் போனது.

கரியமில வாயு வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. வாயு எளிதாகக் கிடைக்கும், பழைய துப்பாக்கிகளும் நல்ல விலைக்கு வரும். அதைக் கெடுப்பது நம் வெயில். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும்: 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்க முடியாது. சித்திரை, வைகாசியில் சேலத்தில் மின்விசிறிக்குக் கீழேயே அறை 35 டிகிரி இருக்கும்; அதே நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போனால் மாலையில் 20 டிகிரி. ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, இரண்டு வெவ்வேறு வேகங்கள்! ஒவ்வொரு முறையும் பின்குறியை, அதாவது குறிபார்க்கத் துப்பாக்கியின் பின்முனையில் உள்ள தகட்டை, திருத்திக்கொண்டிருக்க வேண்டும். முழுக்க நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் அழுத்தம் அபாய எல்லைக்கு ஏறும் என்பதால் எடை பார்த்து, அளவுக்குக் குறையவே நிரப்ப வேண்டும். ஏற்காட்டிலேயே ஆண்டு முழுவதும் இருப்பவருக்கு இந்த வகையை நான் முழுதாக நிராகரிக்க மாட்டேன்.

நெம்புகோல் வகை இந்த எல்லாக் கேள்விகளையும் தாண்டிச் சென்றுவிடுகிறது. நெம்புகோலைத் திறந்தால் அறைக்காற்று உள்ளே வரும். மூடினால் அது அழுத்தப்பட்டு அடைபடும். விசையை இழுத்தால் முழுவதும் வெளியேறிவிடும். சிலிண்டர் இல்லை, சீராக்கி இல்லை, காலாவதித் தேதி இல்லை. சுடும்போது உள்ளே ஓடும் கனமான உறுப்பு எதுவும் இல்லாததால் உதறலும் அநேகமாக இல்லை. தேய்வது காற்றுக் கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீலும் ஓ-ரிங் எனும் சில ரப்பர் வளையங்களும் மட்டுமே. அளவு சரியாகத் தெரிந்தால், சாதாரண ஓ-ரிங் போதுமான மாடல்களுக்கு ஹைட்ராலிக் உதிரிபாகம் விற்கும் கடையிலேயே சில ரூபாய்களில் வேலை முடிந்துவிடும். மெஷின் ஆயில் போடாமல், எப்போதாவது துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, நெம்புகோலை மூடிய நிலையில் காற்றோடு எடுத்துவைக்காமல் இருந்தால் சீல் பல ஆண்டுகள் உழைக்கும்.

அறைக்காற்றையே நம்பியிருப்பதால் மலையேறினால் வேகம் குறையாதா என்று கேட்கலாம், குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அழுத்தப்படும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும் என்று வைத்து நான் போட்ட கணக்கில், பத்து மீட்டர் தொலைவில் குண்டு கூடுதலாகத் தாழ்வது 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வருகிறது. ஒரு வளையத்தின் பாதிகூட இல்லை. பின்குறியில் ஓரிரு கிளிக் ஏற்றினால் சரியாகிவிடும், பலமுறை நான் அதையும் செய்வதில்லை. அழுத்தச் சீராக்கி உள்ள பிசிபிக்கு இந்த வேறுபாடு கிடையாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

நெம்புகோலின் உண்மையான குறை கை வலி. மூடும்போது கடைசி சில அங்குலங்களில் அழுத்தத் தேவையான பலம் கடுமையாக ஏறும். போட்டியில் 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகள், அதற்கு முன் குறிபார்க்கும் குண்டுகள் வேறு. ஒவ்வொன்றுக்கும் நின்ற நிலையைக் கலைத்து நெம்ப வேண்டும். பாதி மூடிய நிலையில் கை நழுவினால் நெம்புகோல் திருப்பி அடித்து விரலை நசுக்கும். மெல்லிய மணிக்கட்டுள்ள சிறுவர், சிறுமியருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்னைப் பொறுத்தவரை அந்த இடைவேளை ஒரு தாளகதியைத் தந்திருக்கிறது. மூடியதிலிருந்து சுடுவது வரை ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டால் வேகமும் ஒரே சீராக வருகிறது, ஏனெனில் அழுத்தும்போது சூடான காற்று நேரம் ஆக ஆகக் குளிர்ந்து ஆற்றல் இழக்கிறது.

பிசிபியைப் பழையதாக வாங்கினால் விலை இறங்குமே என்பவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்கு 10 ஆண்டு ஆயுள் என்று குறித்திருக்கிறார்கள். சிலிண்டர் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருக்க வேண்டியது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டு விதியும் சொல்கிறது, கருவிப் பரிசோதனையில் அதைப் பார்க்கவும் செய்வார்கள். எட்டு ஆண்டு ஓடிய துப்பாக்கி பாதி விலைக்கு வருவது மலிவாகத் தோன்றும். இரண்டு ஆண்டுகளில் புதிய சிலிண்டரை இறக்குமதி விலைக்கு வாங்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும். அதை நீங்கள் திருப்பி விற்கப் போனாலும் வாங்குபவர் இதே கணக்கைத்தான் போடுவார். நெம்புகோல் துப்பாக்கி இருபது ஆண்டு பழையதாக இருந்தாலும் சீல் நன்றாக இருந்தால் விலை பெரிதாக இறங்குவதில்லை.

புதிய ஐரோப்பிய பிசிபிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழிக்க முடிந்தவருக்கு, நாள்தோறும் கம்ப்ரசர் உள்ள கூடத்தில் பயிற்சி செய்பவருக்கு, மாநிலப் போட்டியைத் தாண்டிப் போக வேண்டும் என்ற குறிக்கோள் உள்ள இளைஞருக்கு பிசிபியே சரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற அந்தத் தளத்தில் நெம்புகோலோடு நிற்பவர் யாருமில்லை. நண்பர்களின் பிசிபிகளைக் கூடத்தில் கொஞ்ச நேரம் சுட்டுப் பார்த்திருக்கிறேனே தவிர ஒன்றையும் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பராமரித்ததில்லை. மொரினி போன்ற பிசிபிகளின் மின்னணு விசையைப் பற்றியும் என் அனுபவம் அவ்வளவே. தொட்டதும் விடுபடும் அதன் துல்லியம் பிடித்திருந்தது, வீட்டில் வைத்து ஆளும் பொருளாக அது எப்படி இருக்கும் என்பதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

நெம்புகோல் வகையைப் பழையதாக வாங்கப் போகிறவர் விற்பவரின் வீட்டிலேயே ஒரு சோதனையைச் செய்துவிடலாம். நெம்புகோலை மூடியதும் ஒரு குண்டையும், மூடி இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருந்து அடுத்த குண்டையும் கெட்டியான அட்டையில் சுட வேண்டும். சற்றுத் தணிவது இயல்பு. இரண்டாவது சத்தம் கேட்கும்படி சோர்ந்து, துளையும் தெளிவாகக் கீழே இறங்கினால் சீல் கசிகிறது என்று பொருள். கசிந்தாலும் வாங்கலாம், அந்த மாடலுக்கு சீல் எங்கே கிடைக்கும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். நெம்புகோலின் கீல் ஊசி ஆடினால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுங்கள், ஏனெனில் அந்தத் துளை ஒருமுறை தேய்ந்து அகன்றுவிட்டால் லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டாலும் பழைய இறுக்கம் வருவதில்லை.