க்யூஎம்எக்ஸ்: வீவக வீட்டுக்காரருக்கு ஐந்து வாட் போதுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை) அடிக்கத் தெரியும், இல்லை கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கிறது, சால்டரிங் அயனைக் கையில் எடுக்கவும் பயமில்லை என்றால் க்யூஆர்பி லேப்ஸின் க்யூஎம்எக்ஸ் கிட்டை, அதாவது பொழுதுபோக்கு வானொலியான ஹேம் ரேடியோவுக்காக நாமே பூட்டிக்கொள்ளும் குட்டிப் பெட்டியை, யோசிக்காமல் வாங்கலாம். மைக்கைப் பிடித்து நாலு பேரோடு அரட்டை அடிப்பதுதான் ஹேம் ரேடியோ என்பவர்கள் வேறு பெட்டி பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இந்த விமர்சனம் இங்கேயே முடிந்தது.

க்யூஆர்பி என்றால் குறைந்த சக்தியில் அனுப்புவது. மோர்ஸுக்கு 5 வாட், பேச்சுக்கு உச்சத்தில் 10 வாட் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை. மேசை மேல் வைக்கும் சாதாரண ரேடியோ 100 வாட் தள்ளும். இருபதில் ஒரு பங்குதானா என்று கேட்டவுடன் பலர் ஓடிவிடுகிறார்கள், ஆனால் கணக்குப் போட்டால் வித்தியாசம் 13 டிசிபல், அதாவது எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில், சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் அளவில், இரண்டு புள்ளி சொச்சம். எஸ்9 ஆகக் கேட்டிருக்க வேண்டிய ஆள் எஸ்7 ஆகக் கேட்பார். மோர்ஸுக்கு அது தாராளம். எஸ்2 ஆகக் கேட்டிருக்க வேண்டியவர் அடியோடு காணாமல் போவார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதை வடிவமைத்தவர் ஹேன்ஸ் சம்மர்ஸ், ஜி0யூபிஎல் என்ற அழைப்புக்குறியால் ஹேம் உலகத்துக்கு நன்றாகத் தெரிந்தவர். 2017இல் க்யூசிஎக்ஸ் என்று ஒரே அலைவரிசைக்கான மோர்ஸ் கிட் ஒன்றைக் கொண்டுவந்தார், அப்புறம் டிஜிட்டல் முறைகளுக்காக க்யூடிஎக்ஸ். இரண்டையும் ஒன்றாக்கி 2023இல் வந்ததுதான் க்யூஎம்எக்ஸ். பெட்டி 95க்கு 63க்கு 25 மில்லிமீட்டர், சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது முழு எஸ்டிஆர், அதாவது மென்பொருளால் இயங்கும் ரேடியோ.

கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாகங்களையெல்லாம் தொழிற்சாலையிலேயே பலகையில் பொருத்தி அனுப்பிவிடுகிறார்கள், நமக்கு மிஞ்சுவது கனெக்டர்கள், சில டிரான்சிஸ்டர்கள், முக்கியமாக டொராய்டு எனும் காந்தப்பொருள் வளையங்களில் எனாமல் கம்பி சுற்றும் வேலை. வளையத்தின் ஓட்டை வழியாகக் கம்பி ஒருமுறை போனால் அது ஒரு சுற்று, வெளிப்பக்கம் எண்ணக்கூடாது. கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டியோ சூட்டில் எரித்தோ முழுசாக எடுக்காமல் சால்டர் வைத்தால் பார்க்க அழகாக ஒட்டியிருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. கட்டி முடித்தும் பவர் வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆகவே ஒவ்வொரு வளையத்தையும் பொருத்தியவுடனே மல்டிமீட்டரில் தொடர்பு பார்த்துவிடுங்கள், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு திரும்பக் கழற்றுவது பெரிய இம்சை. கையேடு நீளம்தான், ஆனால் படம் படமாகப் போட்டுத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஃபிளக்ஸ், நல்ல சால்டர், உபரி பிஎன்சி கனெக்டர் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். ஸ்குவேர் இல்லை, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவர். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய் வாங்கி வரலாம்.

ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகள் அதற்கேற்ப மாறும், கட்டிய பிறகு மனம் மாறினால் பிரித்துத்தான் சுற்ற வேண்டும். 12 வோல்ட் என்றால் 12தான், மேசை ரேடியோவுக்கு வைத்திருக்கும் 13.8 வோல்ட் சப்ளையை இதில் செருகாதீர்கள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் பிஎஸ்170 டிரான்சிஸ்டர்கள் விலை சில காசுதான், ஆனாலும் எரிந்துபோனால் மாற்றுவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டுமே.

சரி, இதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் என்ன செய்வது? இங்கே சக்தி குறைவாக இருப்பது உண்மையில் பிரச்சினையே இல்லை, காதுதான் பிரச்சினை. என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் 40 மீட்டர் அலைவரிசையைத் திறந்தால் இரைச்சல் காதைப் பிளக்கிறது, லிஃப்ட், எதிர் புளோக்கின் எல்இடி விளக்குகள், பத்து வீட்டுச் சார்ஜர்கள் எல்லாம் ஒன்றாகக் கத்துகின்றன. 100 வாட் ரேடியோ வாங்கினாலும் அந்த இரைச்சல் ஒரு துளி குறையாது, நான் சொல்வது ஊருக்கெல்லாம் கேட்கும், பதில் எனக்குக் கேட்காது, அவ்வளவுதான் லாபம். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நான் மோர்ஸ் அடிப்பது கேட்கும், நகர மன்றத்துக்குப் புகார் போகும். துணி காயப்போடும் கழியில் ஆன்டெனா கட்டலாமா என்று எல்லோரையும் போல எனக்கும் ஆசை வந்தது, வீட்டில் சொன்னவுடனே அடங்கிவிட்டது.

ஆகவே வெளியே போக வேண்டும், அங்கேதான் க்யூஎம்எக்ஸ் தன் காசுக்கு வேலை செய்கிறது. கேட்கும்போது 100 மில்லிஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கிறது, கையடக்க பேட்டரி ஒன்று மாலை முழுக்கத் தாங்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு தூண்டில் கழியை நிமிர்த்தி, 10 மீட்டர் கம்பியை அதில் கட்டி, கம்பியை ரேடியோவுக்குப் பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மரை அடியில் வைத்தால் 20 மீட்டர் அலைவரிசைக்கு ஆன்டெனா தயார். கடல் தண்ணீர் பக்கத்திலேயே இருப்பது பெரிய வரம், உப்புநீருக்கு மேலே தாழ்ந்த கோணத்தில் அலை நன்றாகப் போகும். 14.060 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால் ஜப்பான், ஆஸ்திரேலியா, தமிழ்நாட்டிலிருந்து வியூ என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறி நிலையங்கள் என்று பதில் வருகிறது, மாலை சாய்ந்தால் ஐரோப்பாவும் திறக்கும். தோக்கியோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், ஐந்து வாட் ஒரு சின்ன எல்இடி பல்புக்குத்தான் போதும் என்று யோசித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் மீன் பிடிக்கும் சீன அங்கிள்கள் கழியைப் பார்த்துவிட்டு நூல் எங்கே என்று கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) உரிமம் இல்லாமல் அனுப்பக்கூடாது, உரிமம் இருந்தாலும் எந்த அலைவரிசைகள், வீட்டு முகவரிக்கு வெளியே இயக்க என்ன நிபந்தனை என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்தது இடி. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாத மதியங்களில் நிமிர்ந்து நிற்கும் கழிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், ஹெட்ஃபோனில் படபடவென்று வெடிச்சத்தம் கூடினால் வானத்தைப் பார்க்கவே வேண்டாம், கழற்றிக் கட்டிவிடுங்கள்.

கையாள்வதில் நிறையும் குறையும் கலந்துதான் இருக்கிறது. மோர்ஸ் கேட்க அவ்வளவு இனிமை, ஃபில்டர் கூர்மை, அனுப்பும்போதும் கேட்கும்போதும் மாறுவது உறுத்தாமல் இருக்கிறது. புள்ளி, கோடுகளைத் தானே உருவாக்கும் கீயர் உள்ளேயே உண்டு, விரலால் தட்டும் பேடிலைச் செருகினால் போதும். கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறையான எஃப்டி8க்கு ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள், சவுண்ட் கார்டும் ரேடியோவைக் கணினியிலிருந்து இயக்குவதும் அதிலேயே. கணினி அனுப்பும் ஒலியின் அதிர்வெண்ணை அளந்து அதை நேராக ரேடியோ அலையாக உருவாக்குவதால் ஆடியோ லெவலைத் திருகிக்கொண்டே இருக்கும் தொல்லை இல்லை. புது ஃபர்ம்வேர் வந்தால் பென் டிரைவுக்குக் கோப்பு போடுவது போலப் போட்டால் முடிந்தது. எஸ்எஸ்பி பேச்சுகூட அப்படித்தான், பின்னாளில் ஃபர்ம்வேர் வழியாகவே வந்து சேர்ந்தது, வாங்கிய பெட்டி புதுசாக ஒன்றைக் கற்றுக்கொண்டது எனக்குச் சந்தோஷம். ஆனால் ஐந்து வாட்டில் பேசிப் பதில் வாங்குவது தொண்டைத் தண்ணீர் வற்றும் வேலை, அதற்காக இதை வாங்காதீர்கள். ஸ்பீக்கர் கிடையாது. ஆன்டெனா டியூனர் கிடையாது. இரண்டு வரித் திரை, மெனு ஆழமோ ஆழம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு துழாவ வேண்டியிருக்கும்.

ஐகாம் ஐசி-705 வாங்கலாமே என்பார்கள். நல்ல ரேடியோதான், தொடுதிரை, 430 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் உண்டு, நண்பரின் பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அது ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல், எடை ஒரு கிலோவுக்கு மேல், அதன் சொந்த பேட்டரியில் அதுவும் 5 வாட்தான் தரும். க்யூஎம்எக்ஸ் கிட் சுமார் 100 அமெரிக்க டாலர், அதற்கு மேல் தபால் செலவும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும். மிச்சப்படும் பணத்தில் நல்ல கம்பி, நல்ல கழி, நல்ல பேடில் வாங்குங்கள்.

எந்த வகை என்று கேட்டால், என்னிடம் இருப்பது 80 முதல் 20 மீட்டர் வரை. அதில் 80 மீட்டரைத் தொட்டதே அபூர்வம், அரை அலை ஆன்டெனாவுக்கு 40 மீட்டர் கம்பி வேண்டும், அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது, இருந்தாலும் நம் ஊர் இடி இரைச்சல் விடாது. இன்று வாங்குவதானால் 20 முதல் 10 மீட்டர் வரைக்குமான வகையைத்தான் எடுப்பேன். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் 15, 10 மீட்டர் நமக்கு மற்றவர்களைவிடத் தாராளமாகத் திறக்கும், சூரியப் புள்ளிகள் குறையக் குறைய 10 மீட்டர் மெதுவாகப் படுத்தாலும் 20 மீட்டர் கையில் இருக்கும். ஆர்டர் போடும்போது அலுமினியப் பெட்டி தனி விருப்பமாக வரும், அதையும் சேர்த்துவிடுங்கள், மறந்தால் தபால் செலவு இரண்டு முறை.