மிரளும் குதிரையைப் 'பழக்கித் தருகிறேன்' என்று வருபவர்: ஓர் எச்சரிக்கை

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். புது இடத்துக்குப் போனால் மிரளும் குதிரையை ஒரே மாதத்தில் சாதுவாக்கித் தருகிறேன் என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். எங்களிடமும் வந்தார். அவர் எதையும் பழக்கவில்லை. மயக்க ஊசி போட்டுக் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரும் ஊரும் இங்கே போடவில்லை. ஆளைவிட அவர் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். இதே வேலையை நாளைக்கு வேறு ஒருவரும் செய்யலாம்.

குதிரை நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கியது. கத்தியவார் இனம், காயடிக்காத ஆண். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இருக்கும்வரை சின்னப் பையன்கூடக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம். வெளியூரில் இறக்கிவிட்டால் அது வேறு குதிரை. தலையை உயரத் தூக்கிக்கொண்டு கனைக்கும், கழுத்தெல்லாம் வியர்த்துவிடும், லத்தி தண்ணீராகப் போகும், கட்டிய இடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். இந்தப் பக்கத்தில் குதிரைக்கு வேலை என்றால் மாப்பிள்ளை ஊர்வலம், சந்தனக்கூடு, கோயில் திருவிழா, வண்டிப் பந்தயம். எல்லாமே வெளியூர், கூட்டம், கொட்டுச் சத்தம். அங்கே மிரளும் குதிரையால் வருமானம் கிடையாது, கொள்ளும் புல்லும் வாங்கிய செலவுதான் மிச்சம். அவர் குறி வைப்பதும் இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்களைத்தான்.

தெரிந்த பந்தயக்காரர் ஒருவர் மூலமாக வந்தார். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். பேச்சு பிரமாதம். "தம்பி, இதோட மனசுல ஒரு பயம் உட்கார்ந்திருக்கு. அதை எறக்கி வைக்கிறது என் பொறுப்பு. ஒரு மாசம் குடுங்க, பாம்பன் பாலத்து மேலயே நிக்க வச்சுக் காட்டுறேன்" என்றார். கேட்டது 30,000 ரூபாய். 20,000 முன்பணம் வாங்கினார். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கைதானே தம்பி எல்லாம்" என்று சிரித்தார்.

முதல் காட்சி அரியமான் கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். குதிரையை அவரும் அவருடைய எடுபிடிப் பையனும் முன்னாலேயே கொண்டுபோய்விட்டார்கள். "ஓனரைப் பார்த்தா அது செல்லம் கொஞ்சும், நீங்க கால் மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார். போனோம். குதிரை அப்படியே நிற்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருக்கிறார், அசையவே இல்லை. மச்சானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, "ஒரே நாள்ல ரொம்பக் குடுக்கக் கூடாது" என்று வண்டியில் ஏற்றிவிட்டார். அடுத்து பாம்பனில், பாலம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். காற்றும் பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் போகிற இடம். அங்கேயும் இதே கதை. அவர் முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம், கொஞ்ச நேரத்தில் காட்சி முடிந்துவிடும்.

இந்த நேரக் கணக்குதான் முழு ரகசியம். கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். சைலசின் என்ற மயக்க மருந்தைச் சதையில் போட்டால் பத்து இருபது நிமிடத்தில் பிடிக்கும், ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். லாடம் அடிக்க, பல் பார்க்க, காயத்துக்குத் தையல் போட மருத்துவர்கள் முறையாகப் பயன்படுத்தும் மருந்துதான் அது. குதிரையின் எடை பார்த்து, இதயத்துடிப்பைக் கேட்டு, அளவு பார்த்துப் போட வேண்டியது. அதை எடுத்துக்கொண்டு கடற்கரையில் வித்தை காட்டுவது வேறு விஷயம்.

மயக்கத்தில் இருக்கும் குதிரையைப் பார்த்தால் என்னென்ன தெரியும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தலை முழங்கால் உயரத்துக்குத் தொங்கும். கீழ் உதடு தளர்ந்து ஆடும். கண் இமை பாதி மூடியிருக்கும். நான்கு காலையும் அகட்டி வைத்து நிற்கும், நடக்க வைத்தால் தடுமாறும். ஆண் குதிரையாக இருந்தால் குறி வெளியே தொங்கும். அப்புறம் மூத்திரம் அளவுக்கு மீறிப் போகும். இதில் பெரும்பாலானவை நாங்கள் எடுத்த வீடியோவிலேயே இருக்கின்றன. "ரிலாக்ஸா இருக்கு பாருங்க, உதட்டைப் பாருங்க" என்று மாஸ்டரே விரலால் சுட்டிக்காட்டுகிறார்! துணிச்சல்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சைலசின் போட்ட குதிரை தூங்குவது போலத் தெரியும், ஆனால் திடீர்ச் சத்தம் கேட்டாலோ பின்னால் யாராவது தொட்டாலோ குறி தவறாமல் உதைக்கும். அரியமானில் அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடியதை இப்போது நினைத்தால்தான் பதறுகிறது.

தொண்டியில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டோம். மாஸ்டர் தானே வந்து பிடிப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு போன் ஸ்விட்ச் ஆஃப், பையனை மட்டும் அனுப்பிவிட்டார். நல்லவேளை, மாப்பிள்ளை இன்னும் ஏறவில்லை. ஜெனரேட்டரை இழுத்து உயிர்ப்பித்த நொடியில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றது. பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், நின்றிருந்த கார் ஒன்றின் கதவில் மோதியது. குதிரைக்கு முழங்கால் தோல் உரிந்தது, பையனுக்கு உள்ளங்கை கிழிந்தது. காருக்கு நாங்கள்தான் பணம் கொடுத்தோம். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் அழுதுகொண்டே சொன்னான்: "அண்ணே, மாஸ்டர் ஊசி போட்டுத்தான் நிப்பாட்டுவாரு. எனக்குப் போடத் தெரியாது." வண்டியில் வைக்கோலுக்கு அடியில் காலிக் குப்பி கிடந்தது. போட்டோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பியபோதுதான் மருந்தின் பெயர் தெரிந்தது. கழுத்தில் ஊசி குத்திய இடத்தில் கொழுக்கட்டை அளவு வீக்கம் இருந்ததையும் அவர்தான் தடவிக் காட்டினார்.

போன் கிடைத்தபோது மாஸ்டர் சொன்ன பதில் இது: "ஊருக்கு ஊர் காத்து மாறும் தம்பி, குதிரையும் மாறும். மிச்சப் பத்தாயிரத்தைக் குடுத்தா மறுபடி வந்து பார்க்கிறேன்." அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, கப்பலில் வந்து இறங்கும் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப்போகின்றன, குதிரை விற்கும் வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை, அப்போதுதானே வருடா வருடம் விற்கலாம் என்று குறிப்பிடுகிறார். குதிரை தெரிந்தவனைத் தள்ளி வைத்துவிட்டுக் காசு பார்க்கும் தொழில் இந்தக் கரைக்குப் புதிது இல்லை.

சரி, உண்மையிலேயே பழக்குவது எப்படி இருக்கும்? கீழக்கரையில் பல வருடம் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவரும் அந்த மருத்துவரும் சேர்ந்துதான் இப்போது வழி சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால்தான் எழுதுகிறேன்.

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கொஞ்ச இடம் தவிர, சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே அதற்குத் தெரியும். புது இடத்தில் எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க அதற்கு நேரம் வேண்டும். கூட்டமாக வாழ்ந்து பழகியதால் தனியாக நிற்பதே அதற்குப் பாதிப் பயம். "ஏப்பா, அதைத் தனியா கூட்டிட்டுப் போறீங்களே, நீங்க தனியா துபாய் போனப்ப ராத்திரி தூங்குனீங்களா?" என்று பெரியவர் மச்சானைக் கேட்டார். மச்சானிடம் பதில் இல்லை. அதனால் முதலில் துணை. அமைதியான வயதான குதிரை கிடைத்தால் உத்தமம். இல்லாவிட்டால் அதோடு பழகிய வெள்ளாடு ஒன்று போதும். எங்கள் குதிரையுடன் இப்போது ஒரு கிடாய்க்குட்டி லாரி ஏறுகிறது. ஊரே சிரிக்கிறது, பரவாயில்லை.

அடுத்து தண்ணீர். ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும் பிராணி, புது ஊர்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் மாவட்டத்தில் ஒரு ஊரில் உப்புக் கிணறு, அடுத்த ஊரில் குளோரின் வாசம் வீசும் குழாய்த் தண்ணீர். குடிக்காத குதிரைக்கு வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோகிறோம். முடியாதபோது, வீட்டிலேயே சில நாள் தண்ணீரில் வெல்லம் கரைத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டால், வெளியூர்த் தண்ணீரிலும் அதே வெல்லம் போட்டால் குடித்துவிடும். தீவனத்தை மணலில் கொட்டாமல் தொட்டியில் வைப்பதும் கடற்கரைக்காரர்களுக்கு முக்கியம். மணல் வயிற்றில் சேர்ந்தாலும் அதே வலிதான். சந்தேகம் இருந்தால் லத்தியை ஒரு பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தொங்கவிட்டால், அடியில் மணல் தங்குவது தெரியும்.

பழக்கம் என்பது எட்டத்தில் தொடங்குகிறது. கொட்டுச் சத்தம் என்றால், குதிரை காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடி புல்லைக் கடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். அங்கே அது அமைதியானதும் திரும்பி வந்துவிட வேண்டும். அடுத்த முறை கொஞ்சம் கிட்டே. மிரண்டால் பின்வாங்கி, மறுபடி எட்டத்திலிருந்து. தூணில் கட்டிவைத்துப் பக்கத்தில் வெடி போட்டு 'பயம் தெளிய' வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் குதிரை ஓய்ந்துபோகும், பயம் உள்ளேயே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க நாடி பிடியுங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். சிலை மாதிரி நிற்கும் குதிரைக்கு நாடி 60, 70 என்று ஓடினால் அது அமைதி இல்லை.

இறக்கியதும் கட்டிப் போடாமல் கயிற்றோடு நடக்க விட்டு, மோந்து பார்க்க விடுவது நல்லது. பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிட்டால் இதயத்துடிப்பு குறையும். 1993இல் பிரான்சில் கமார்க் குதிரைகளிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அந்த இடத்தில்தான். தட்டிக்கொடுப்பதைவிட இதற்குப் பலன் அதிகம். எங்கள் குதிரை இப்போது தேவிபட்டினம் சந்தைக்கு எட்டத்தில் நின்று புல் தின்கிறது. ஊர்வலத்துக்கு இன்னும் தயாராகவில்லை, எப்போது ஆகும் என்று மருத்துவரும் தேதி சொல்லவில்லை. தேதி சொல்லி வரும் ஆளை இனி நாங்கள் வாசலில் ஏற்ற மாட்டோம்.

யாராவது பழக்கித் தருகிறேன் என்று வந்தால், குதிரையை வண்டியில் ஏற்றுவதிலிருந்து இறக்கி முடிப்பதுவரை நீங்கள் கூடவே இருங்கள். "நீங்க அப்புறம் வாங்க" என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் நேரத்தையும் நீங்கள் சொல்லுங்கள், இரண்டு மணி நேரமாவது நிற்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கை புல் கொடுத்தால் நிதானமான குதிரை மென்று தின்னும், மயக்கத்தில் இருப்பது வாயில் வைத்துக்கொண்டே நிற்கும். உதடு தொங்குவது ஏற்கெனவே தெரிந்தால் மட்டும் புல் கொடுத்துச் சோதிக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெல்லத்தில் கலந்து கொடுக்கச் சொல்லித் தரும் பொடி எதுவாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள், அதுவே ரசீது. எங்களுக்குக் கடைசியில் உதவியது மச்சான் அனுப்பிய பாதித் தொகையின் பதிவும் அந்தக் காலிக் குப்பியும்தான்.

ஊசி போட்டிருப்பார்கள் என்று சந்தேகம் வந்தால் உடனே 1962க்கு போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண். விலங்குக்குத் தீங்கு செய்யும் மருந்தை வேண்டுமென்றே கொடுப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில் குற்றம். மனுவில் மோசடியோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். "பணத் தகராறுதானே, பேசி முடிச்சுக்கங்க" என்றுதான் போலீஸில் எங்களிடம் முதலில் சொன்னார்கள், இந்தப் பிரிவைக் காட்டிய பிறகுதான் மனுவை வாங்கினார்கள்.

அதே ஆள் இப்போது சாயல்குடிப் பக்கம் ஒரு வீட்டில் முன்பணம் கேட்டிருக்கிறார் என்று கேள்வி. அங்கே குதிரை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.