பெட்டியில் 31 நிமிடம், என் கணக்கில் 18: இரண்டரை வருட ட்ரோன் பேட்டரி அனுபவம்

என்னிடம் மூன்று பேட்டரிகள் இருக்கின்றன. இருந்தன என்று சொல்ல வேண்டும், ஒன்று உப்பிப்போய் ஓய்வு பெற்றுவிட்டது. வாங்கிய அன்றே மூன்றுக்கும் வெள்ளை டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதி வைத்தேன். இந்த இரண்டரை வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எண் போடாமல் விட்டிருந்தால் எது எதனால் கெட்டது என்றே பிடிபட்டிருக்காது.

ட்ரோன் 249 கிராம், மடக்கு வகை. பேட்டரியின் கொள்ளளவு 2250 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் மணி), 7.7 வோல்ட், உள்ளே இரண்டு செல். பெட்டியில் 31 நிமிடம் பறக்கும் என்று போட்டிருந்தது. அதற்கு முன்பு உள்ளங்கையில் அடங்கும் பொம்மை ட்ரோன் ஒன்று வைத்திருந்தேன். ஏழு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். மறுபடி கிளப்ப ஒரு மணி நேரம் சார்ஜருக்குக் காவல் இருக்க வேண்டும். அதிலேயே காலம் தள்ளியவனுக்கு 31 நிமிடம் என்றதும் சொத்து சேர்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கையேட்டில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். காற்றே இல்லாத இடத்தில், மணிக்கு 17 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்து எடுத்த அளவாம் அது. ஏன் 17? ஒரே இடத்தில் நிறுத்தி மிதக்கவிட்டால் இன்னும் கூடுதலாகத்தானே தாங்கும் என்று நானும் நினைத்தேன். நடப்பது தலைகீழ். நின்ற இடத்தில் மிதக்கும் ட்ரோன், தான் கீழே தள்ளிய காற்றோட்டத்துக்குள்ளேயே நின்று விசிறியைச் சுற்றுகிறது. மெதுவாக முன்னே நகர்ந்தால் அசையாத புதுக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும், அதே எடையைத் தூக்கக் குறைந்த மின்சாரம் போதும். வேகம் ரொம்பக் கூடினால் எதிர்க்காற்றின் தடை வந்து அந்த லாபத்தைச் சாப்பிட்டுவிடும். நடுவில் எங்கோ ஒரு சிக்கனமான வேகம் இருக்கிறது, கம்பெனிகள் அதைத்தான் பெட்டியில் போடுகின்றன. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் அப்படிப் பறப்பதில்லை.

என் கணக்கு வேறு. கிளப்பி, ஒரு நிமிடம் தலை உயரத்தில் நிறுத்தி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் திரும்பிவிடுவேன், 20க்குள் தரையில் இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கென்று கையில் மிஞ்சுவது 18 நிமிடம். காற்று இருந்தால் 15. வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வைத்துத் திட்டம் போடுங்கள். விசிறிக்குக் காப்பு வளையம் மாட்டினால் இன்னும் குறையும். நான் மாட்டிப் பார்த்ததில் நாலைந்து நிமிடம் காணாமல் போனது, அன்றோடு கழற்றி வைத்துவிட்டேன்.

பெரிய பேட்டரி போட்டால் தீராதா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவுதான் தீரும். பேட்டரியும் தூக்க வேண்டிய எடைதானே. அதே விசிறிகளை வைத்துக்கொண்டு மொத்த எடையை இரட்டிப்பாக்கினால், மிதப்பதற்கு வேண்டிய சக்தி இரண்டு மடங்கோடு நிற்காமல் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். ஆகவே பேட்டரி பெரிதாகும் அளவுக்கு நேரம் கூடாது. போதாக்குறைக்குப் பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டினால் விதிகளும் மாறுகின்றன. கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் பட்டது. ஏரி ஒன்றின் கரையில் நின்று கிளப்பினேன். கீழே இலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. 80 மீட்டர் உயரத்தில் நல்ல காற்று, அது எனக்குத் தெரியவில்லை. காற்றடிக்கும் திசையிலேயே போனதால் ட்ரோன் வழுக்கிக்கொண்டு போனது, நான்கு நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டர். நானும் ஆஹா என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 45 சதவீதத்தில் திருப்பினேன். திரையில் வேகம் நொடிக்கு 3 மீட்டர். ரிமோட் குச்சியை முழுக்கத் தள்ளியும் 3 மீட்டர்தான். பேட்டரி எண் மட்டும் என் கண் எதிரே ஒவ்வொன்றாக இறங்குகிறது. 38, 37, 36. பயத்தில், தானாகத் திரும்பும் பொத்தானை அழுத்தலாமா என்று கை போனது. நல்லவேளை, அது முதலில் இன்னும் மேலே ஏறிவிட்டுத்தான் திரும்பும் என்று ஞாபகம் வந்தது. மேலே போனால் காற்று இன்னும் கூடும். தண்ணீருக்கு மேலே மரம், கம்பி எதுவும் இல்லை என்பதால் 20 மீட்டருக்கு இறக்கினேன். அதிவேகத்துக்கான ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினேன். வேகம் 9 ஆனது. கரையில் இறங்கும்போது 11 சதவீதம். பேட்டரியைக் கழற்றினால் கையில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அன்றிலிருந்து காற்றுக்கு எதிராகத்தான் கிளம்புகிறேன். வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அந்தச் சூட்டோடு பேட்டரியைச் சார்ஜரில் செருகக் கூடாது. என்னுடையதில் 40 டிகிரிக்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏறவே ஏறாது, பாதுகாப்புச் சுற்று தடுத்துவிடும். ஆரம்பத்தில் சார்ஜர் பழுது என்று நினைத்துக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் நிழலில் சும்மா கிடந்தால் போதும், தானே ஏறும். 5 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். குளிரில் பறப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு: செல்லின் உள்தடை கூடிவிடுவதால், திடீரென்று வேகம் கொடுத்தால் வோல்டேஜ் சரிந்து எச்சரிக்கை கத்தும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போடுவேன், முதல் நிமிடம் மெதுவாக ஓட்டுவேன்.

மூன்றையும் ஒன்றாகச் செருகும் ஹப் வாங்கியபோது மூன்றும் ஒரே நேரத்தில் ஏறும் என்று நம்பினேன். இல்லை, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. அதிகம் மிச்சமிருக்கும் பேட்டரி முதலில் நிரம்பும், சீக்கிரம் ஒன்றாவது தயாராகட்டும் என்று. காலியான மூன்றும் நிரம்ப என்னிடம் நான்கு மணி நேரம் ஆகிறது. பழைய போன் சார்ஜரில் போட்டால் விடிந்துவிடும்.

இனி 1ஆம் எண்ணின் கதை. அதை நான்தான் கெடுத்தேன். அது என் 'அவசரத்துக்கு' பேட்டரி. 2, 3 இரண்டையும் ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று பையிலேயே வைத்திருப்பேன். பெரும்பாலும் தேவைப்படாது. ஞாயிறு இரவு மூன்றையும் நிரப்பி அலமாரியில் வைப்பேன், அடுத்த சனிக்கிழமை திடீரென்று கிளம்பினால் தயாராக இருக்குமே என்று. இத்தகைய பேட்டரிகள் சில நாள் சும்மா கிடந்தால் தாமாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கழித்துக்கொள்ளும், அதற்கென்றே உள்ளே ஏற்பாடு இருக்கிறது. நான் வாராவாரம் மேலே ஊற்றி ஊற்றி அதையும் கெடுத்தேன். கோடையில் அந்த அலமாரி வேறு வெந்து கிடக்கும்.

ஒரு நாள் 1ஆம் எண் ட்ரோனின் பேட்டரிக் குழிக்குள் இறங்க மறுத்தது. அழுத்தினால் 'க்ளிக்' சத்தம் வரவில்லை. கண்ணாடி மேசையில் வைத்து மூலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், பம்பரம் போல அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்தில் 3ஆம் எண்ணைத் தட்டினால் அசையாமல் கிடக்கிறது. அடிவயிறு லேசாக உப்பியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. செயலியில் போய் எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பார்த்தேன். 2ஆம் எண் 88 சுற்று, 3ஆம் எண் 94. உப்பிப்போன 1ஆம் எண் வெறும் 31. உழைத்ததெல்லாம் நன்றாக இருக்கிறது, உட்கார வைத்தது கெட்டுவிட்டது.

காரணம் வேதியியல். சாதாரண லிபோ (லித்தியம் பாலிமர்) செல் நிரம்பினால் 4.2 வோல்ட். என் பேட்டரி உயர் வோல்டேஜ் வகை, ஒவ்வொரு செல்லும் 4.4 வரை ஏறும். அந்த உச்சத்திலேயே நாள்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகிறது, சூடு அதை வேகப்படுத்துகிறது. வாயு போக வழியில்லை, உறை உப்புகிறது. முழுக்கக் காலியாகக் கிடப்பதும் ஆகாது. என் பொம்மை ட்ரோன் பேட்டரி அப்படித்தான் போனது: அணைக்க மறந்து இரண்டு நாள், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே, அதோடு சரி. நடுவில் பாதியளவில் வைத்தால்தான் இவை நிம்மதியாக இருக்கின்றன.

உப்பிய பேட்டரி இன்னும் பறக்கும்தான். நான் பறக்கவிடவில்லை. பூட்டு சரியாக விழாத பேட்டரி நடுவானில் நழுவினால் ட்ரோன் கல்லாக விழும், கீழே யார் நிற்கிறார்களோ. முனைகளில் டேப் ஒட்டி, மண்சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். விமானத்தில் போகும்போதும் உதிரி பேட்டரிகளுக்கு இதே டேப் வேலைதான், அவை கைப்பையில்தான் வர வேண்டும். ஒரு பேட்டரியில் அடங்கும் மின்சாரம் 17.3 வாட் மணி என்பதால் விமானத்துக்கான 100 வாட் மணி வரம்புக்கு வெகு கீழே, பிரச்சினை வந்ததில்லை.

இப்போது 2ஆம் எண்ணையும் 3ஆம் எண்ணையும் காற்றில்லாத காலையில் 20 சதவீதம் வரை மிதக்கவிட்டுப் பார்த்தேன். புதிதில் 22 நிமிடம், இப்போது 20. குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வந்ததற்கு 4 என்று டேப் ஒட்டி மாதத்தையும் எழுதியிருக்கிறேன். பறந்துவிட்டு வந்தால் எல்லாம் பேட்டரியில் இரண்டு விளக்கு எரியும் அளவில், அதாவது பாதிச் சார்ஜில், அலமாரிக்குப் போகும், அதுவும் கீழ்த் தட்டில். கிளம்பும் முந்தின இரவுதான் சார்ஜ். சில சமயம் நிரப்பி வைத்துவிட்டுக் காலையில் எழுந்தால் மழை கொட்டுகிறது. அப்போது கூடத்தில் இடுப்பு உயரத்தில் பத்து நிமிடம் மிதக்கவிட்டுப் பாதியாக்கிவிடுவேன். மேசையில் இருக்கும் காகிதமெல்லாம் பறக்கும், திரைச்சீலை சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருந்து "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்று குரல் வரும்.