அழைப்பது யார்: பெயர் காட்டும் செயலியா, போனின் சொந்த வடிகட்டியா?

திரையில் எண் தெரிவதாலேயே அழைப்பவர் யாரென்று தெரிந்துவிடாது. இணையவழி அழைப்பில் அடுத்தவர் எண்ணைப் போட்டு அழைக்க முடியும். அழைப்பின் எண் போலியா என்று நெட்வொர்க்கே சரிபார்க்கும் ஸ்டிர்/ஷேக்கன் முறை உள்ள நெட்வொர்க்குகள் அழைப்புக்கு ஏ, பி, சி எனச் சான்று தருகின்றன. 'ஏ' கிடைத்தால் அந்த எண்ணைப் பயன்படுத்த அழைப்பவருக்கு உரிமை உண்டு என்று பொருள். அவர் நேர்மையானவர் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

ட்ரூகாலர் போன்ற செயலிகளின் பலம், புதிய மோசடி எண்ணையும் பயனர்களின் புகாரால் சீக்கிரம் அடையாளம் காட்டுவது. சிக்கல் காண்டாக்ட்ஸ் அனுமதியில் இருக்கிறது. உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பது உங்கள் தகவல் அல்ல, மற்றவர்களுடையது. அதைக் கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. செயலி வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு 10 முதல் தனியாக உள்ள 'அழைப்பாளர் ஐடி, ஸ்பேம்' பொறுப்பை மட்டும் கொடுங்கள், காண்டாக்ட்ஸை மறுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் சேமித்து வைத்திருப்பவர்களின் அழைப்புகள் செயலியின் பார்வைக்கே போகாது.

ஐபோனில் செயலிகளுக்கு நெடுநாளாக உள்ள முறை இதைவிடக் கண்ணியமானது. செயலி தன் பட்டியலை முன்கூட்டியே போனில் ஏற்றிவைக்கும். ஒப்பிடுவது போன்தான், யார் அழைத்தார் என்று செயலிக்குத் தெரியாது. ஆனால் பட்டியலைக் கடைசியாகப் புதுப்பித்த பிறகு முளைத்த எண் தப்பிவிடும்.

எந்தத் தகவலையும் வெளியே அனுப்பாத வழி, தெரியாத எண்களை மௌனமாக்குவது. ஐபோனில் இதை இயக்கினாலும் நீங்கள் அண்மையில் அழைத்த எண்ணிலிருந்து வந்தால் மணி அடிக்கும். அவசர உதவி எண்ணை அழைத்திருந்தால் 24 மணி நேரத்துக்கு மௌனம் தானாக விலகும். ஆண்ட்ராய்டில் 'தொந்தரவு செய்யாதே'யில் காண்டாக்ட்ஸை மட்டும் அனுமதித்து, 'மீண்டும் அழைப்பவர்கள்' என்பதையும் இயக்குங்கள். 15 நிமிடத்துக்குள் அதே எண் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும். பெரிய மருத்துவமனைகளிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் அழைப்பு வரலாம், அப்போது இந்த விதி கைகொடுக்காது. முக்கியமான அழைப்பை எதிர்பார்க்கும் நாளில் மௌனத்தை அணைத்துவிடுவதே சரி.

கூகுளின் பிக்சல் போனில் உள்ள உதவியாளர் மென்பொருள் அழைத்தவரிடம் காரணம் கேட்டு, பதிலை எழுத்தாக்கிக் காட்டும். வசதிதான், எல்லாப் போனிலும் கிடையாது.

எங்கள் தேர்வு மௌனம்தான். அது போதாதவர்களுக்கு மட்டும் காண்டாக்ட்ஸ் அனுமதி இல்லாத செயலி. ஏற்கெனவே ட்ரூகாலர் வைத்திருந்தவர்கள் அதைப் போனிலிருந்து அழித்தால் போதாது. முதலில் கணக்கை முடக்க வேண்டும், பிறகு ட்ரூகாலர் தளத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோர வேண்டும். கணக்கு உயிரோடு இருக்கும்வரை எண்ணை எடுக்க முடியாது.