1969 கமேரோவில் தொங்கும் ஒயர்கள்: படத்தை வைத்துத் தேடுவதா, டிரேசரா, புது ஹார்னஸா?

பழைய செவ்ரோலெட் வாங்குகிற யாருக்கும் இந்தத் தலைவலி வந்தே தீரும். பானெட்டைத் திறந்தால் எதனோடும் சேராமல் நாலைந்து ஒயர் தொங்கும். சிலவற்றின் நுனியில் டேப் சுற்றியிருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. 350 வி8 எஞ்சினோடு நான் வாங்கிய 1969 கமேரோவிலும் இதே கதைதான். எனக்கு முன்னால் இருந்தது மூன்று வழி. சர்வீஸ் மேனுவலின் ஒயரிங் படத்தையும் மல்டிமீட்டரையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேடுவது, டோன் டிரேசர் (ஒயரில் சிக்னல் அனுப்பி, அது போகும் வழியை ஒலியால் காட்டும் கருவி) வாங்கி ஒலியைப் பின்தொடர்வது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு புது எஞ்சின் ஹார்னஸ் (மொத்த ஒயர் கட்டு) மாட்டுவது. நான் முதல் வழியைத்தான் எடுத்தேன், இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாக.

முதலில், இந்த ஒயர்கள் ஏன் தொங்குகின்றன? பெரும்பாலும் ஒயர் அறுந்து போனதால் இல்லை, யாரோ ஒருவர் இடையில் பாகத்தை மாற்றியதால்தான். பாயிண்ட் (தொட்டு விலகும் முனைகள்) வைத்த பழைய இக்னிஷனை எடுத்துவிட்டு 1970களின் நடுவில் ஜிஎம் (செவ்ரோலெட்டின் தாய் நிறுவனம்) கொண்டுவந்த எச்இஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டிருப்பார்கள், அப்போது பழைய காயிலுக்கு (தீப்பொறிக்கு வோல்டேஜைக் கூட்டித் தருவது) போன ஒயர் அனாதையாகிவிடும். அல்லது வெளியே தனி ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) இருந்த ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) மாற்றி, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் பிந்தைய மாடலைப் போட்டிருப்பார்கள், ரெகுலேட்டரின் நாலு ஒயர் கனெக்டர் அப்படியே தொங்கும். ஏசியைக் கழற்றியிருந்தால் கம்ப்ரஸர் கிளட்ச் ஒயர். 1970 முதல் வந்த வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த சொலினாய்டுகளின் (மின்காந்தத்தால் இயங்கும் பாகங்கள்) ஒயர்களும் சேர்ந்துகொள்ளும். வண்டியில் எது மாறியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்து நிறம். நிறத்தை வைத்தே சொல்லிவிடலாமே என்று எல்லோரும் நினைப்பார்கள். அறுபதுகளின் ஜிஎம் வண்டியில் சிவப்பு பேட்டரியில் இருந்து நேராக வருவது, ஆரஞ்சு ஃப்யூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது, பிங்க் சாவி போட்டால் உயிர் வருவது, ஊதா ஸ்டார்ட்டர் சொலினாய்டின் எஸ் முனைக்குப் போவது. இதுவரை சரி. ஆனால் கரும்பச்சை என்ன? எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சருக்கும் கரும்பச்சை, ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இருந்து ஹாரனுக்குப் போவதும் கரும்பச்சை. கருநீலம் இன்னும் மோசம். ஆயில் பிரஷருக்கும் அதுதான், வலது இண்டிகேட்டருக்கும் அதுதான், ரெகுலேட்டரில் இருந்து ஆல்டர்னேட்டரின் ஃபீல்டுக்குப் போவதும் அதுதான். போதாததற்கு ஐம்பது வருடத்துக்கு மேல் எக்ஸாஸ்ட் சூட்டில் கிடந்த ஒயரில் பச்சையும் நீலமும் பழுப்பும் ஒரே அழுக்கு நிறமாக மாறியிருக்கும். எங்காவது ஒரு அங்குலம் டேப்பைப் பிரித்து உள்ளே வெளிச்சம் படாத பகுதியைத் துடைத்துப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவர்) கனெக்டர். இந்த வண்டிகளில் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸின் முதுகு ஃபயர்வாலைத் தாண்டி எஞ்சின் பக்கம் எட்டிப் பார்க்கும், அதன்மேல் எஞ்சின் ஹார்னஸும் முன்விளக்கு ஹார்னஸும் வந்து செருகி, நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டையும் கழற்றி கனெக்டரை வெளியே இழுத்துவிட்டால், தொங்கும் நுனியில் மீட்டரின் ஒரு முனையும் கனெக்டரின் ஒவ்வொரு ஓட்டையிலும் மறு முனையும் வைத்து எங்கே பீப் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். எந்த ஓட்டையில் எந்தச் சுற்று வருகிறது என்று மேனுவல் படத்தில் இருக்கிறது. நிறம் மங்கலாம், ஓட்டையின் இடம் மாறாது. முன்பு யாராவது நடுவில் வேறு நிற ஒயரை ஒட்டுப்போட்டிருந்தாலும் இந்தச் சோதனை ஏமாறாது. பீப் எங்குமே வரவில்லை என்றால் ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது அது ஃபயர்வாலுக்கே போகாமல் எஞ்சின் பக்கத்துக்குள்ளேயே ஓடுவது. ரெகுலேட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையில் ஓடும் வெள்ளையும் கருநீலமும் அப்படித்தான்.

அதன் பிறகுதான் கரண்ட் விட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு மீட்டரை விட பழைய மாதிரி பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் நல்லது, எல்இடி வேண்டாம். காரணம் இருக்கிறது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டியில் சூடு, ஆயில் இரண்டு ஒயருமே சாவி போட்டால் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் டேஷ் பல்பு வழியாக வோல்டேஜ் வந்து நிற்கிறது. மீட்டரை மட்டும் நம்பினால் அதை சப்ளை ஒயர் என்று நினைத்து எதற்காவது கொடுத்துவிடத் தோன்றும். டெஸ்ட் லாம்ப்பை அந்த நுனிக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடல்) நடுவில் வைத்தால் அது மங்கலாக எரியும், கூடவே டேஷில் எந்த விளக்கு லேசாக எரிகிறதோ அதுவே பதில். தெரியாத ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். அது ஆரஞ்சாக இருந்தால் ஃப்யூஸ் போகும், சிவப்பாக இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் கூடாது, ஊதா ஒயரில் கொடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றி, கியரில் நிற்கும் வண்டி நகர்ந்துவிடும்.

காயில் ஒயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய காயிலின் பிளஸ் முனைக்கு இரண்டு ஒயர் ஒரே கிளிப்பில் சேர்ந்து வரும். ஒன்று மஞ்சள், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் முழு வோல்டேஜ் தருவது. இன்னொன்று துணி சுற்றிய ரெசிஸ்டன்ஸ் ஒயர், எஞ்சின் ஓடும்போது காயிலுக்கும் பாயிண்டுக்கும் வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது. எச்இஐக்கு முழு 12 வோல்ட் வேண்டும். ஆனால் தொங்கும் ரெசிஸ்டன்ஸ் ஒயரில் மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட்டும் காட்டும், கரண்ட் ஓடாதபோது ரெசிஸ்டன்ஸுக்கு வேலையே இல்லை. ஒரு பழைய ஹெட்லைட் பல்பை அதில் மாட்டி மீட்டரைப் பாருங்கள், சில வோல்ட் உடனே இறங்கிவிடும். "வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் கூட்டினால் விக்குகிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எச்இஐக்கு எந்த ஒயரில் இருந்து கரண்ட் எடுத்தீர்கள் என்றுதான்.

சரி, டோன் டிரேசர். விலை குறைவு, கார்ப்பெட்டுக்கு அடியில் போகும் ஒயரைத் தேட உதவும். எஞ்சின் பக்கத்தில் ஒரே கட்டில் ஒட்டி ஓடும் ஒயர்களில் எல்லாவற்றிலும் ஒலி கேட்பதுபோல் இருந்தது, அதனால் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. விலை கூடிய கருவி இன்னும் துல்லியமாக இருக்கலாம்.

புது ஹார்னஸை நான் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்கன் ஆட்டோவயர், எம் அண்ட் எச் போன்றவர்கள் தொழிற்சாலை நிறங்களிலேயே செய்கிறார்கள், எச்இஐக்கும் புது ஆல்டர்னேட்டருக்கும் ஏற்ற மாதிரியும் கேட்டு வாங்கலாம். இன்சுலேஷன் தொட்டால் உதிர்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் சரி. நானே முழுதாக மாட்டியதில்லை, நண்பர் மாட்டும்போது கூட இருந்தேன். அவருக்கும் கடைசியில் ஒன்றிரண்டு முனைகள் எங்கும் சேராமல் மிஞ்சின, ஏனென்றால் அவர் வண்டியில் இல்லாத பாகத்துக்கும் ஒயர் இருந்தது. ஆக புது ஹார்னஸ் போட்டாலும் படத்தைப் படிக்காமல் தப்பிக்க முடியாது. சில நூறு டாலர் கொடுத்த பிறகும் அதே வேலை.

விற்கும்போது? ஒரிஜினல் ஹார்னஸ் நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை எவ்வளவு கூடும் என்று என்னால் சொல்ல முடியாது.

கண்டுபிடித்த பிறகு தேவையில்லாதவற்றை வெட்ட வேண்டாம். நுனியில் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் இறுகும் குழாய்) போட்டு, பெயர் எழுதிய டேக் கட்டி, ஹார்னஸோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள். என் வண்டியில் ஏசி ஒயர் அப்படித்தான் இருக்கிறது, என்றாவது கம்ப்ரஸர் திரும்பி வரும்.

இந்த நிறங்களை ஃபோர்டின் மஸ்டாங்குக்கோ கிரைஸ்லரின் டாட்ஜ் சார்ஜருக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டில் பிங்க் என்பதே ரெசிஸ்டன்ஸ் ஒயர், ஸ்டார்ட்டர் ரிலே ஃபெண்டர் ஓரத்தில் இருக்கும், அதன் ஐ முனையில் இருந்து காயிலுக்குப் போவது பழுப்பு. கிரைஸ்லர் வண்டிகளில் ரெசிஸ்டன்ஸ் ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டாக ஃபயர்வாலில் திருகப்பட்டிருக்கும். அந்த வண்டிகளில் அம்மீட்டருக்கான (டேஷில் கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் மீட்டர்) மொத்தக் கரண்டும் ஃபயர்வால் கனெக்டர் வழியாகவே போவதால், தொங்கும் ஒயரைத் தேடும் சாக்கில் அந்தக் கனெக்டரைக் கழற்றி உருகிய முனை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.