கச்சான் காலத்துக்கு எந்தச் சான்றிதழ்? திருகோணமலை அரச கட்டடங்களும் மூன்று பசுமைத் தரங்களும்

திருகோணமலையில் எனக்குப் பழக்கமான அரச அலுவலகம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாடி. மேற்குப் பார்த்த முகப்பு, கீழிருந்து மேல்வரை கண்ணாடி. வைகாசி, ஆனியில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில், பின்னேரம் இரண்டு மணிக்கு உள்ளே போனால், கண்ணாடியில் பிறிஸ்டல் போர்ட் மட்டைகள் ஒட்டியிருப்பது தெரியும். ஓரங்கள் வெயிலில் பழுத்துச் சுருண்டு கிடக்கும். மட்டை வெளிச்சத்தை மறைப்பதால் பகலிலேயே டியூப் லைட் எரிகிறது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் யன்னலோர மேசையில் இருப்பவர் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுத்தான் வேலை செய்கிறார். அந்த மின்கட்டணம் நம் எல்லோருடைய பணம்.

இனி கட்டப்போகும் பிரதேச செயலகமோ, ஆஸ்பத்திரி வார்ட்டோ, பள்ளிக்கூடமோ இப்படி ஆகிவிடக்கூடாது என்றால் வரைபடக் கட்டத்திலேயே ஒரு அளவுகோல் வேண்டும். சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் தரங்கள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று இருக்கின்றன: அமெரிக்காவிலிருந்து வந்த லீட் (LEED), இலங்கைப் பசுமைக் கட்டட சபையின் கிரீன் எஸ்.எல்., உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தின் (ஐ.எப்.சி.) எட்ஜ் (EDGE).

லீடை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். அது மோசமான தரம் என்பதால் அல்ல. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் 2000-இலேயே லீட் சான்று பெற்றது. துல்கிரியவில் 2008-இல் திறந்த ஆடைத் தொழிற்சாலை ஒன்று அதன் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தை எடுத்தது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு அந்தப் பெயர் பயன்படும். மூதூரில் கட்டும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்படி யாருக்கும் காட்ட வேண்டிய தேவை இல்லை. கட்டணம் டொலரில். 2022-இல் சில வாரங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை நாம் பார்த்தோம். அதோடு கட்டாய நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டு, மொத்தம் 110 புள்ளிகளில் 40 எடுத்தாலே சான்று கிடைத்துவிடும். சைக்கிள் நிறுத்தத்துக்குக்கூட ஒரு புள்ளி உண்டு. உள்ளூர்ப் பொருள் என்பதற்கு 2009 பதிப்பு வைத்திருந்த எல்லை 500 மைல். நம் தீவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு லொறியில் ஏற்றினாலும் உள்ளூர்ப் பொருள்தான். அடுத்த பதிப்பில் 100 மைலாகக் குறைத்தார்கள்.

உண்மையான போட்டி கிரீன் எஸ்.எல்.லுக்கும் எட்ஜுக்கும் இடையில்தான்.

எட்ஜ் கேட்பது மூன்றே விஷயம்: மின்சாரத்தில் 20 வீதம், தண்ணீரில் 20 வீதம், கட்டுமானப் பொருட்களை உருவாக்கச் செலவாகும் சக்தியில் (பதிப்பைப் பொறுத்து, அதனால் வெளியாகும் காபனில்) 20 வீதம் மிச்சம். ஒப்பிடுவது அதே ஊரில் வழக்கமாகக் கட்டும் கட்டடத்தோடு. ஒன்றில் கூட எடுத்து இன்னொன்றின் குறையை மறைக்க முடியாது, மூன்றும் தேற வேண்டும். மென்பொருள் இணையத்தில் இலவசம். சான்றிதழ் எடுக்கும்போதுதான் பணம். அதனால் சான்றிதழே வேண்டாம் என்றாலும், திணைக்களத்தில் வரைபடம் போடுபவர் உட்கார்ந்து யன்னல் அளவையும் கூரை நிறத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று அன்றைக்கே பார்க்கலாம்.

எனக்கு எட்ஜில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஏசி இல்லாத கட்டடத்தை "மின்சாரம் செலவாகவில்லை, சரி" என்று அது விட்டுவிடுவதில்லை. உள்ளே வெக்கை ஏறுமானால், அதைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டிருக்கும் என்று கணித்து அதையும் கணக்கில் ஏற்றுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏசி கிடையாது. சீற் கூரைக்குக் கீழே கச்சான் வெக்கையில் உட்காரும் பிள்ளையின் புழுக்கத்தையும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எட்ஜ் கேட்காதவை நிறைய. காணியில் நின்ற புளியை வெட்டினீர்களா, கட்டட இடிபாட்டை எங்கே கொட்டினீர்கள், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைய முடியுமா என்று எதுவும் கேட்காது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து சேரும் ஊர் நம்முடையது. ஆற்று மணலை அள்ளி எடுக்கப் பெரிய சக்தி செலவாவதில்லை. ஆகவே எட்ஜின் கணக்கில் மணல் கிட்டத்தட்ட குற்றமற்ற பொருள். கரை இடிந்து விழுவது அந்தக் கணக்கில் வராது.

கிரீன் எஸ்.எல். இங்கேதான் முந்துகிறது. லீடின் வார்ப்பில் செய்ததுதான் என்றாலும், காணி, நீர், சக்தி, பொருட்கள், கழிவு, உள்ளகக் காற்று என்று விரிவாகப் பார்க்கிறது. சமூக, பண்பாட்டு அம்சங்களுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊரில் பொதுக் கட்டடம் கட்டுபவர்கள் அந்தப் பகுதியை வெறும் படிவமாக நிரப்பிவிட்டுப் போகக்கூடாது. புள்ளிகளைக் கூட்டிச் சேர்க்கும் முறையாதலால் லீடின் அதே ஓட்டை இதிலும் உண்டு. மேற்குச் சுவரைக் கோட்டைவிட்டவர் வேறு இடத்தில் புள்ளி தேடிக்கொள்ளலாம்.

வெயில் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருகோணமலை வடக்கே சுமார் 8.5 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. அப்புறம் ஆவணி நடுப்பகுதிவரை நடுப்பகலில் அது வடக்குப் பக்கமாகவே நிற்கும். கச்சான் வீசுவதும் அதே மாதங்களில்தான். தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் கொடுத்தால் போதும் என்ற குளிர்நாட்டுப் பாடம் இங்கே செல்லாது. வடக்கு யன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். மேற்கே அகலமான விறாந்தையோ, படிக்கட்டோ, களஞ்சிய அறையோ வரட்டும். ஆட்கள் இருக்கும் அறை வேண்டாம்.

தண்ணீரிலும் இதே கதை. 2007-இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர்ச் சேகரிப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரைதான். 300 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 30,000 லீற்றர். சிந்தியது போக 24,000 லீற்றராவது பீலிக்கு வரும். கீழே நிற்பது 5,000 லீற்றர்த் தாங்கி என்றால் மிச்சம் அத்தனையும் கானுக்குள். 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மலசலகூடத்துக்கு ஆளுக்கு 5 லீற்றர் என்று வைத்தாலும் 5,000 லீற்றர் நான்கு நாளைக்குக்கூடக் காணாது. எட்ஜோ கிரீன் எஸ்.எல்.லோ, வருடக் கணக்கில் எத்தனை வீதம் மிச்சம் என்று காட்டினால் போதாது. ஆடி மாதம் தாங்கியில் என்ன இருக்கும் என்று பொறியியலாளரிடம் கேட்க வேண்டும். நிரம்பி வழிவதைக் கிணற்றடி நிலத்துக்குள் இறக்கும் குழியும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

உப்புக் காற்றைப் பற்றி எட்ஜ் வாயே திறப்பதில்லை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலுக்குக் கிட்டக் கட்டினால், கம்பியை மூடும் கொங்கிரீட் தடிப்பையும் கலவையின் இறுக்கத்தையும் நாமேதான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கம்பி துருப்பிடித்துப் பத்து வருடத்தில் கொங்கிரீட் பிளேட் உதிர ஆரம்பித்தால் மிச்சம் பிடித்த சக்தியெல்லாம் திருத்த வேலைக்கே போய்விடும்.

என் தெரிவு இதுதான். மாவட்ட ஆஸ்பத்திரி, மாகாண அலுவலகம் போன்ற பெரிய கட்டடங்களுக்குக் கிரீன் எஸ்.எல். எடுக்கலாம். அவற்றுக்கு ஆளணியும் பணமும் காணியும் இருக்கும், அந்த விரிவு அவற்றுக்குத் தேவை. இரண்டு மாடிப் பள்ளிக்கூடம், நூலகம், கிராமத்து மருந்தகம் போன்றவற்றுக்கு எட்ஜ் கணக்கைக் கட்டாயமாக்குங்கள். சான்றிதழுக்குப் பணம் இல்லையென்றால் கணக்கு மட்டும் போதும், அதை அச்சடித்து டெண்டர் கேள்விப்பத்திரத்தோடு இணைத்து வையுங்கள். இரண்டு வகைக்கும் ஒப்பந்தத்தில் இன்னொரு வரி சேர வேண்டும்: கட்டடத்தைக் கையளித்த பிறகு வரும் முதல் கச்சான் காலத்தில், வரைந்தவரும் கட்டியவரும் பின்னேரம் இரண்டு மணிக்கு வந்து, மேல்மாடி மேற்கு அறையில் ஏசி இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருந்து, வெப்பநிலையையும் அந்த மாத மின்கட்டணத்தையும் எழுதிக் கையொப்பம் இட வேண்டும்.