சுடுதண்ணியா பச்சத்தண்ணியா? தினமும் ஷேவ் பண்ணியே ஆகவேண்டிய சென்சிடிவ் ஸ்கின்னுக்கு எது சரி

நான் வேலை பாக்குறது ராணிப்பேட்டை பக்கம், தோல் ஃபேக்டரிங்க கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்ல. வீடு சத்துவாச்சாரி. தாடி விட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையேன்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு அந்த வழி கிடையாது. சுண்ணாம்புத் தொட்டியில இருந்து வர்ற சல்பைடு தண்ணியும் ஆசிட் தண்ணியும் எங்கயாவது ஒண்ணா சேந்துட்டா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அழுகுன முட்டை நாத்தம். அளவு ஏறுச்சுன்னா அந்த நாத்தம் கூட மூக்குக்குத் தெரியாம போயிடும், அதுதான் ஆபத்தே. அதனால சில இடத்துல இறங்கணும்னா மாஸ்க் கட்டாயம், அந்த மாஸ்க்கோட ரப்பர் விளிம்பு தோல்ல அப்படியே ஒட்டி உக்காரணும், நடுவுல ஒரு நாள் முடி இருந்தாக்கூட காத்து புகுந்துடும். ஆக, டூட்டி இருக்கிற ஒவ்வொரு நாளும் வழிச்சே ஆகணும்.

என் தோலு அதுக்கு ஏத்த தோலு இல்ல. வழிச்ச அரை மணி நேரத்துல கழுத்துல பொரிப்பொரியா கிளம்பும், தாடைக்குக் கீழ முடி உள்ளயே சுருண்டு வளந்து சின்னச்சின்ன கட்டியா நிக்கும். நாலு வருஷம் சுடுதண்ணியிலதான் ஷேவ் பண்ணேன், இப்போ ஒரு வருஷத்துக்கு மேல பச்சத்தண்ணி. ரெண்டையும் அனுபவிச்சவன்ங்கிற முறையில எழுதுறேன், எனக்கு எது பிடிக்கும்னு மறைக்கப் போறதில்ல, பச்சத்தண்ணி கட்சிதான் நான்.

என்னை இதுக்கு மாத்துனது என் மாமா. கம்மவான்பேட்டைக்காரரு, வேலூர்க்காரங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கிற ஊரு, ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. மாமாவும் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவருதான். போன வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தப்போ என் மூஞ்சியப் பாத்துட்டு "இன்னாடா, மூஞ்சில கோடு போட்டா மாதிரி கீது?"ன்னாரு. மாஸ்க் விளிம்பு பட்ட இடம் கன்னத்துல இருந்து தாடை வரைக்கும் செவசெவன்னு ஒரு கோடா நின்னுட்டு இருந்துச்சு. "இன்னா மாமா பண்றது, தினமும் வழிக்கணுமே"ன்னேன். "சுடுதண்ணியிலயா வழிக்கிற?" "ஆமா மாமா." "பச்சத்தண்ணியில ஒரு வாரம் வழிச்சிப் பாரு. நாங்க முப்பது வருஷம் அதுலதான் வழிச்சோம், பனியில கூட." அவ்ளோதான் பேச்சு, அதுக்கப்புறம் கரும்பு வெட்டப் போயிட்டாரு.

செலவு, நேரம் இதெல்லாம் நீளமா பேச ஒண்ணுமில்ல. சுடுதண்ணிக்கு கீசர் வேணும் இல்ல ராடு போடணும், பச்சத்தண்ணிக்கு ஒண்ணும் வேணாம். எங்க போர் தண்ணியில ராடு போட்டா மூணே மாசத்துல கம்பி மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா உப்பு ஏறிடும், கத்தியால சுரண்டி சுரண்டி எடுக்கணும். ட்ரிம்மர் வச்சுக்கோன்னு சொல்றவங்களும் இருக்காங்க, தோலுக்கு அது நல்லதுதான், ஆனா மொழுமொழுன்னு வராது, மாஸ்க் போடுறவனுக்கு ஆகாது.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஷேவிங் நல்லா இருந்துச்சா இல்லையான்னு எல்லாரும் கண்ணாடி முன்னாடி நின்னு, கன்னத்தைத் தடவிப் பாத்துதான் முடிவு பண்றாங்க. அங்கதான் தப்பு நடக்குதுன்னு நான் சொல்லுவேன். கண்ணாடி முன்னாடி சுடுதண்ணிதான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே இல்ல. முகம் இதமா இருக்கும், நுரை வெதுவெதுன்னு உக்காரும், பிளேடு வழுக்கிட்டுப் போகும். நம்ம ஊர்ல ஒரு ஷேவிங்குக்கு உண்மையான பரீட்சை காலையில ஆறு மணிக்கு இல்ல, பதினோரு மணிக்கு. ஹெல்மெட் நாடா தாடைக்குக் கீழ உராய ஹைவேஸ்ல வண்டி ஓட்டிட்டுப் போயி, வெயில்ல நின்னு, வேர்வை கன்னத்துல இருந்து வழிஞ்சு கழுத்துல இறங்குது பாருங்க, அப்போ எரியுதா எரியலையா? எனக்கு அது ஒண்ணுதான் கணக்கு.

சுடுதண்ணி காலத்துல அந்தப் பதினோரு மணி எப்படி இருக்கும்னா, தொண்டைக்குழிக்கு ரெண்டு பக்கமும் மிளகாப்பொடி தூவுன மாதிரி இருக்கும். கைக்குட்டையால ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்ச்சிட்டோம்னா போச்சு. மாஸ்க் போட்டு இருபது நிமிஷம் ஆனா ரப்பருக்கு அடியில வேர்வை தேங்கி நின்னுடும், உப்புத்தண்ணியில புண்ண ஊற வச்ச மாதிரி. ஒரு தடவை தாங்க முடியாம மாஸ்க்க லேசா தூக்கி விரலை விட்டு சொறிஞ்சுட்டேன், சூப்பர்வைசர் பாத்துட்டாரு. திட்டல. கூப்பிட்டு உக்கார வச்சு, உள்ள இருக்கும்போது அப்படித் தூக்குனா என்ன ஆகும்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மாமா சொன்னதை வந்த உடனே நம்பல, அதனால பாதி மூஞ்சியில சோதனை பண்ணேன். ஆறு நாள், இடது கன்னம் சுடுதண்ணி, வலது கன்னம் பச்சத்தண்ணி, அதே கிரீம், அதே பிளேடு, ரெண்டு பக்கமும் முடி போற திசையிலயே ஒரே ஒரு தடவை. மூணாம் நாள்லயே வித்தியாசம் தெரிஞ்சுது, வலது பக்கம் மாஸ்க் கோடு மங்கலா இருந்துச்சு, இடது பக்கம் பழையபடி. ஆனா நான் வலதுகைக்காரன், வலது கன்னம் எப்பவுமே கைக்கு நல்லா வரும், அதனாலதான் இப்படியோன்னு அடுத்த வாரம் பக்கத்தை மாத்திப் பாத்தேன். அப்பவும் பச்சத்தண்ணிப் பக்கம்தான் பதினோரு மணிக்கு அமைதியா இருந்துச்சு. அதோட ராடை எடுத்து பரண்ல போட்டுட்டேன்.

காரணம் பெருசா ஒண்ணுமில்ல. சூடு பட்டா தோலுக்கு அடியில இருக்கிற ரத்தக்குழாய் விரியும், செவக்கும், ஏற்கனவே சட்டுனு செவக்கிற தோல்னா இன்னும் மோசம். இன்னொண்ணு, தோல் மேல இருக்கிற எண்ணெய்ப் பசைய சுடுதண்ணி வழிச்சு எடுத்துட்டுப் போயிடும், அதுக்கு மேல சோப்பு, அதுக்கு மேல பிளேடு. அந்தப் பசை இல்லாத தோல்ல வேர்வை உப்பு நேரா இறங்குனா எரியாம என்ன செய்யும்? பச்சத்தண்ணி அந்தப் பசைய அவ்வளவா எடுக்காது, ரத்தக்குழாயும் சுருங்கியே இருக்கும். சுடுதண்ணி ஊத்துனா ரோமக்கால் திறக்கும், பச்சத்தண்ணி ஊத்துனா மூடிக்கும்னு ஒரு பேச்சு உண்டு, சலூன்ல கூட சொல்லுவாங்க, அது சரியில்ல. ரோமக்காலுக்கு கதவு மாதிரி திறந்து மூட தசையெல்லாம் கிடையாது.

சுடுதண்ணி பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். முடி தண்ணியக் குடிச்சு ஊறுனாதான் லேசா வெட்டுப்படும், சுடுதண்ணியில சீக்கிரம் ஊறும். அமெரிக்கத் தோல் டாக்டருங்க சங்கமே குளிச்ச உடனே ஷேவ் பண்ணுங்க, அப்போதான் தோல் வெதுவெதுப்பா ஈரமா இருக்கும்னு சொல்லுது. ஆனா பச்சத்தண்ணியிலயும் முடி ஊறத்தான் செய்யும், கொஞ்சம் நேரம் கேக்கும். நான் முகம் கழுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட மூணு நிமிஷம் விட்டுட்டு, அப்புறம்தான் கிரீம் தொடுறேன். அந்த மூணு நிமிஷத்தைத் திருடுனீங்கன்னா பச்சத்தண்ணி ஷேவிங் முடியைப் பிடுங்குற மாதிரி இருக்கும், ஒரே நாள்ல விட்டுட்டு ஓடிடுவீங்க. நிறைய பேரு அப்படித்தான் ஓடியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

பச்சத்தண்ணியில இன்னொரு சங்கடம் நுரை, அதுவும் நம்ம ஊர்ல. பாலாறு பக்கத்துலயே ஓடுதுன்னு பேரு, வருஷத்துல பாதி நாள் மணல்தான், வீட்டுக்கு வீடு போர் தண்ணி. அதுல இருக்கிற கால்சியம் மெக்னீசியம் உப்பு சோப்போட சேந்து திரிஞ்ச பால் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடும், நுரை எழும்பாது, எழும்புனாலும் ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். கொதிக்க வச்சா அந்த உப்புல ஒரு பங்கு கீழ படிஞ்சுடும் (ராடு மேல வெள்ளையா ஏறுறது அதுதான்), அதனால சுடுதண்ணியில ஓரளவு தப்பிச்சுக்கலாம். பச்சத்தண்ணிக்காரனுக்கு அந்த வசதி இல்ல. முதல் ரெண்டு வாரம் இதுல ரொம்ப அவதிப்பட்டேன், அப்புறம்தான் குடிக்கிற கேன் தண்ணியில அரை டம்ளர் எடுத்து பிரஷ்ஷ அதுல நனைச்சுப் பாத்தேன். அடேயப்பா, அதே கிரீம்தானா இதுன்னு ஆயிடுச்சு, தயிர் கெட்டியா நின்னுச்சு. இப்போ முகம் கழுவ போர் தண்ணி, நுரைக்கு கேன் தண்ணி, இந்த ஏற்பாடுதான். ஒருவாட்டி நுரை வந்துட்டா சுடுதண்ணி நுரைய விட இது காயாம நிக்கும், வெந்நீர் நுரை முகத்துலயே சீக்கிரம் உலந்து போயிடும். சோப்பு கட்டி போடுறவங்க பச்சத்தண்ணியில பிரஷ்ஷ கூடுதலா ஒரு நிமிஷம் சுத்தணும், கிரீம்னா அந்த வேலை இல்ல.

அப்புறம் பச்சத்தண்ணின்னு நான் பாட்டுக்கு சொல்றேன், மே மாசம் வேலூர்ல அது எங்க கிடைக்குது? மாடியில கறுப்பு சின்டெக்ஸ் டேங்க், வெயில் 40 டிகிரிக்கு மேல போற நாள்ல பகல்ல குழாயத் திறந்தா கை சுடுது, சாயங்காலம் ஏழு மணிக்கும் அதே கதைதான். விடியக்காலம் அஞ்சு அஞ்சரைக்குள்ள பிடிச்சா ஓரளவு ஆறியிருக்கும். நான் அதுக்குன்னு ஒரு சின்ன மண்பானை வாங்கி பாத்ரூம் பக்கத்துல வச்சிருக்கேன், ராத்திரியே நிரப்பிட்டா காலையில சிலுசிலுன்னு இருக்கும். அம்மா முதல்ல குடிக்கிற பானையத்தான் எடுத்துட்டேன்னு சத்தம் போட்டாங்க. ஃப்ரிட்ஜ் தண்ணியும் ஒரு தடவை முயற்சி பண்ணேன், வேணாம், முகம் மரத்துப்போச்சு, எங்க அழுத்துறோம்னே தெரியாம தாடையில வெட்டிக்கிட்டேன். பானைத் தண்ணி குளிர்ச்சியே போதும்.

ஒரு விஷயம் ஒளிவு மறைவில்லாம சொல்லிடணும். பச்சத்தண்ணிக்கு மாறுறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் மூணு பிளேடு கார்ட்ரிட்ஜ விட்டுட்டு பழைய மாதிரி ரெண்டு பக்க பிளேடு சேஃப்டி ரேசருக்கு வந்தேன், 1904-ல ஜில்லெட் பேட்டன்ட் வாங்குன அதே அமைப்பு. பல பிளேடு இருக்கிறது முடியை இழுத்து தோலுக்குக் கீழயே வெட்டிடும், அது திரும்ப வளரும்போது உள்ளயே குத்திக்கிட்டு கட்டியாகும், சுருட்டை முடிக்காரங்களுக்கு இது அதிகம். அதனால கட்டி குறைஞ்சதுல பாதிப் பெருமை ரேசருக்குத்தான் போகணும். எரிச்சல் குறைஞ்சது மட்டும் தண்ணியாலதான்னு அந்தப் பாதி மூஞ்சி சோதனைய வச்சு தைரியமா சொல்றேன். பிளேடை அஞ்சாறு ஷேவிங்குக்கு மேல ஓட்டாதீங்க, மழுங்குன பிளேடுக்கு எந்தத் தண்ணியும் உதவாது. முடிச்சதும் படிகாரக்கல்ல ஈரத்தோட ஒரு தடவை தடவி, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிடுவேன். ஸ்பிரிட் வாசனை அடிக்கிற ஆஃப்டர்ஷேவ் பக்கமே போறதில்ல.

மார்கழியில என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கஷ்டம்தான். பானையில கை விட்டாலே வெடவெடங்குது, முதல் தடவை முகத்துல அள்ளி அடிக்கிறப்போ மூச்சு ஒரு நொடி நிக்கும். அந்த மாசத்துல பானைய விட்டுட்டு குழாத்தண்ணிக்கு வந்துட்டேன். ஒரே ஒரு மார்கழிதான் இப்படிப் பாத்திருக்கேன், அதுலயும் நாலஞ்சு நாள் மனசு கேக்காம அடுப்புல கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சு வழிச்சேன், பெருசா ஒண்ணும் எரியல. அந்த நாள்ல வேர்வையே இல்லையே.

தினமும் வழிக்கிறவனுக்கு இது. வாணியம்பாடியில என் சித்தப்பா பையன் பத்து நாளைக்கு ஒருக்கா வழிக்கிறவன், முடி துடைப்பம் மாதிரி இருக்கும், என் பேச்சைக் கேட்டு பச்சத்தண்ணியில இறங்கி ரெண்டு பிளேடு காலி, கழுத்துல மூணு வெட்டு. போன் பண்ணி "இன்னாண்ணா இப்படி ஆயிடுச்சு"ன்னான். உனக்கு சுடுதண்ணிதான்டா, துண்டை நனைச்சு அஞ்சு நிமிஷம் முகத்துல போட்டு வச்சிட்டு அப்புறம் வழின்னேன். முடிச்சப்புறம் மட்டும் பச்சத்தண்ணியில கழுவச் சொன்னேன். போன வாரம் பாத்தேன், கழுத்து ஆறியிருந்துச்சு.